உங்கள் ஊர் ஒரு நிறுவனத்துக்கு வரிச்சலுகை தரப்போகிறதா? டெக்சஸில் வசிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டெக்சஸில் சொந்த வீடு இருப்பவர்களுக்கு ஜனவரி 31 முக்கியமான தேதி. சொத்து வரி கட்டக் கடைசி நாள் அது. மாநில வருமான வரி கிடையாது என்று கணக்குப் போட்டுத்தான் நம்மில் பலர் ஆஸ்டினுக்கும் டாலஸுக்கும் குடிவந்தோம். இங்கே பள்ளிக்கூடம், சாலை, போலீஸ், தீயணைப்பு எல்லாம் பெரும்பாலும் ஓடுவது சொத்து வரியிலும் விற்பனை வரியிலும்தான். அதே வரியை, புதிதாக வரும் ஒரு பெரிய நிறுவனம் பத்து வருடத்துக்குக் கட்ட வேண்டாம் என்று உங்கள் கவுன்சில் எழுதிக்கொடுக்கலாம். வாங்கிய வரியைத் திருப்பியும் தரலாம். சட்டம் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது.

எந்த அளவுக்குத் தருவார்கள்? ஆஸ்டின் பக்கத்தில் இருக்கும் டெய்லரைப் பாருங்கள். 2021 நவம்பரில் அங்கே சிப் தொழிற்சாலை கட்டப்போவதாகச் சாம்சங் அறிவித்தது. முதலீடு 1,700 கோடி டாலர், அதாவது 17 பில்லியன். வேலைகள் 2,000. பதிலுக்கு டெய்லர் நகரம் ஒப்புக்கொண்டது இது: தொழிற்சாலை நகரத்துக்குக் கட்டும் சொத்து வரியில் முதல் பத்து ஆண்டுகளுக்கு 92.5 சதவீதத்தையும், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு 90 சதவீதத்தையும், அதற்கடுத்த பத்து ஆண்டுகளுக்கு 85 சதவீதத்தையும் திருப்பித் தருவது. வில்லியம்சன் கவுண்டி தனியாக ஒரு சலுகை கொடுத்தது. பள்ளி மாவட்டம் தனியாக. மாநில அரசு டெக்சஸ் எண்டர்பிரைஸ் நிதியிலிருந்து 2.7 கோடி டாலர்.

இது தவறு என்று எடுத்த எடுப்பில் நான் சொல்லவில்லை. விவசாய நிலமாகக் கிடந்தபோது அந்த இடத்திலிருந்து வந்த வரி மிகச் சொற்பம். அவ்வளவு பெரிய தொழிற்சாலையின் வரியில் 7.5 சதவீதம் வந்தாலே அதைவிட எத்தனையோ மடங்கு. தொழில் வரட்டும். நான் கேட்கச் சொல்வது வேறு: முதலில் யார் பணம் வெளியே போகிறது, சொன்னது நடக்காவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழும்? இதற்கான பதில் பத்திரிகைச் செய்தியில் இருக்காது. ஒப்பந்தத்தில் இருக்கும். அதை எப்படித் தேடிப் பிடிப்பது, எப்படிப் படிப்பது, எங்கே போய்க் கேட்பது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

படி 1: எந்த வகைச் சலுகை என்று கண்டுபிடியுங்கள்

வகை தெரிந்தால்தான் எந்தச் சட்டம், யாரிடம் கேட்பது என்பது தெரியும்.

நேரடி வரித் தள்ளுபடி என்றால் அது பெரும்பாலும் டெக்சஸ் வரிச் சட்டத்தின் 312-ஆம் அத்தியாயம். நகரமோ கவுண்டியோ அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத் தரலாம். சொன்னபடி கட்டடமோ இயந்திரமோ வராவிட்டால் விட்ட வரியைத் திரும்ப வசூலிக்க ஒப்பந்தத்தில் வழி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

உள்ளாட்சிச் சட்டத்தின் 380-ஆம் அத்தியாயம் நகரங்களுக்கு, 381 கவுண்டிகளுக்கு. நான் அதிகம் கவலைப்படுவது இவற்றைப் பார்த்துத்தான். மானியம், கடன், விற்பனை வரியில் பங்கு, சொத்து வரியைத் திருப்பித் தருவது என்று எதையும் இதன் கீழ் செய்யலாம். 380-இன் சட்டப் பிரிவே மிகச் சின்னது. காலவரம்பு, நிபந்தனை எல்லாவற்றையும் அநேகமாக இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான். ஆகவே நல்ல 380 ஒப்பந்தமும் இருக்கும், ஓட்டை ஒப்பந்தமும் இருக்கும்.

அடுத்தது டைப் ஏ, டைப் பி எனப்படும் பொருளாதார வளர்ச்சிக் கழகங்கள். கடையில் நீங்கள் கட்டும் 8.25 சதவீத விற்பனை வரியில் 6.25 மாநிலத்துக்குப் போகிறது. மீதி இரண்டில் ஒரு பகுதியைப் பல ஊர்களில் இந்தக் கழகங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஃப்ரிஸ்கோவில் இரண்டு வகைக் கழகமும் உண்டு. இவை ஒரு நிறுவனத்துக்கு நேரடியாகச் சலுகை கொடுத்தால் எத்தனை வேலை அல்லது எவ்வளவு முதலீடு, தவறினால் எப்படித் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியே தீர வேண்டும். டைப் பி கழகத்தின் திட்டத்துக்கு முதல் அறிவிப்பு வெளியான 60 நாளுக்குள், பதிவுசெய்த வாக்காளர்களில் 10 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனு கொடுத்தால் அதைத் தேர்தலுக்கே கொண்டுபோகலாம். ஊர்க்காரர்கள் கையில் உள்ள பெரிய ஆயுதம் இது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வரிச் சட்டத்தின் கீழ் பள்ளி மாவட்டங்கள் தந்துவந்த 313-ஆம் அத்தியாயச் சலுகை 2022 டிசம்பர் 31-உடன் காலாவதியானது. அதற்குப் பதிலாக 2023-இல் ஜெட்டி (JETI) என்ற புதிய திட்டம் வந்தது. அதில் பள்ளி மாவட்டம் மட்டும் முடிவெடுக்க முடியாது. ஆளுநரும், மாநிலத்தின் வரி, நிதிக் கணக்குகளைக் கவனிக்கும் அதிகாரியான கம்ப்ட்ரோலரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

படி 2: வாக்கெடுப்புக்கு முன்னால் பிடியுங்கள்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அடிக்கல் நாட்டும் படத்தைப் பேஸ்புக்கில் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தால் அதற்குள் கையெழுத்து ஆகியிருக்கும்.

நகரக் கவுன்சில், கவுண்டி கமிஷனர்கள், பள்ளி போர்டு ஆகிய மூன்றின் அஜெண்டாவையும் மின்னஞ்சலில் வரும்படி பதிந்துவையுங்கள். பெரும்பாலான ஊர்களின் இணையதளத்தில் அந்த வசதி இருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து கூட்டத்துக்கு மூன்று வேலை நாள் முன்னதாக அஜெண்டா வெளியாக வேண்டும். 312 ஒப்பந்தம் என்றால் இன்னும் வசதி: 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம், அதில் சொத்து உரிமையாளர் பெயர், இடம், கட்டப்போவது என்ன, மதிப்பிட்ட செலவு எல்லாம் இருக்க வேண்டும்.

அஜெண்டாவில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பேச்சுவார்த்தை நடக்கும்போது புனைபெயர்தான் போடுவார்கள். டெஸ்லா டிராவிஸ் கவுண்டிக்கு வந்தபோது காகிதங்களில் இருந்த பெயர் 'கொலராடோ ரிவர் பிராஜெக்ட்'. ஆகவே 'பிராஜெக்ட்' என்று தொடங்கும் எந்த வரியையும் விடாதீர்கள். '551.087' என்ற எண்ணையும் பாருங்கள். பொருளாதார வளர்ச்சிப் பேச்சுவார்த்தைக்காகக் கவுன்சில் கதவைச் சாத்திக்கொண்டு பேச அனுமதிக்கும் சட்டப்பிரிவு அது. அந்த எண் அடுத்தடுத்த கூட்டங்களில் வந்தால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேசுவதை மூடிய அறையில் பேசலாம். வாக்கெடுப்பைத் திறந்த கூட்டத்தில்தான் நடத்த வேண்டும்.

படி 3: காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

முதலில் கம்ப்ட்ரோலரின் இணையதளத்தில் உள்ள 380, 381 ஒப்பந்தத் தரவுத்தளத்தைப் பாருங்கள். 2021-இல் வந்த சட்டப்படி நகரங்களும் கவுண்டிகளும் தங்கள் ஒப்பந்தங்களை அங்கே தெரிவிக்க வேண்டும். அங்கே கிடைக்காததற்குத் தகவல் கேட்கும் மனு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எச்-1பி-யில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரவில்லை, நமக்கு ஏன் வம்பு என்று நம் ஆட்களில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலகம் உங்களை விசாரிக்கக் கூடாது. (எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. வர்ஜீனியாவில் இந்தச் சட்ட உரிமை அந்த மாநிலக் குடிமக்களுக்குத்தான் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை என்று 2013-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.) உங்களுக்கு ஓட்டு இல்லாமல் இருக்கலாம். வரிச் சீட்டு உங்கள் பெயரில் வருகிறது, பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். இதைவிட வேறு தகுதி எதற்கு?

மனுவை நகரச் செயலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். ஆங்கிலத்தில் எழுதும்போது சாரம் இப்படி இருக்கட்டும்:

"டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தின்படி கீழ்க்கண்டவற்றின் நகல்களைக் கேட்கிறேன்: இன்ன நிறுவனத்துடன் இன்ன தேதியில் செய்த ஒப்பந்தமும் அதன் எல்லாத் திருத்தங்களும், வாக்கெடுப்புக்கு முன் கவுன்சிலுக்குத் தந்த வரவு-செலவு மதிப்பீடு, இதுவரை நிறுவனம் அளித்த ஆண்டறிக்கைகள், நகரம் இதுவரை வழங்கிய தொகைகளின் பட்டியல். மின்னணு வடிவில் அனுப்பினால் போதும்."

'எல்லா ஆவணங்களும்' என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். செலவு ஏறும், நாளும் இழுக்கும். கட்டணம் 40 டாலரைத் தாண்டும் என்றால் அவர்கள் முன்கூட்டியே மதிப்பீடு அனுப்ப வேண்டும். அதற்குப் பத்து வேலை நாளுக்குள் நீங்கள் பதில் போடாவிட்டால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், ஆகவே மின்னஞ்சலைக் கவனித்துக்கொண்டே இருங்கள். எதையாவது தர மறுக்க வேண்டுமென்றால் அவர்கள் பத்து வேலை நாளுக்குள் அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும். தங்கள் இஷ்டத்துக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

'வணிக ரகசியம்' என்று பதில் வந்தால் மெக்கலன் நகரத்தின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 2015-இல் ஊர்த் திருவிழா ஒன்றில் பாட வந்த என்ரிகே இக்லேசியாஸுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைச் சொல்ல முடியாது என்று அந்த நகரம் மறுத்தது. போட்டியாளருக்குச் சாதகமாகும் தகவலை மறைக்கலாம் என்று அதே ஆண்டு போயிங் வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதற்குக் கைகொடுத்தது. கடைசியில் வெளிவந்த தொகை 4,85,000 டாலர். 2019-இல் சட்டமன்றம் அந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்தது. இப்போது பொதுப் பணத்தில் போடும் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகை, முக்கிய நிபந்தனைகள் போன்றவற்றை ரகசியம் என்று மூடிவைக்க முடியாது.

படி 4: ஒப்பந்தத்தைப் படியுங்கள், அவசரப்படாமல்

முப்பது, நாற்பது பக்கம் இருக்கலாம். பயப்பட வேண்டாம், சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. விஸ்கான்சினில் மவுண்ட் பிளசன்ட் என்ற ஊருக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டால் எதைத் தேட வேண்டும் என்று தானாகப் புரியும்.

2017-இல் தைவானைச் சேர்ந்த மின்னணுப் பொருள் தயாரிப்பு நிறுவனமான ஃபாக்ஸ்கான் அங்கே 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று அறிவித்தது. மாநில அரசு 300 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவான சலுகைக்கு ஒப்புக்கொண்டது. மவுண்ட் பிளசன்ட்டும் ராசீன் கவுண்டியும் சேர்ந்து 76.4 கோடி டாலர் வரை ஒதுக்கின. அந்த ஊரின் மக்கள்தொகை முப்பதாயிரத்தைக்கூடத் தொடாது. எழுபதுக்கும் மேற்பட்ட வீட்டுக்காரர்களின் இடங்களை வாங்கிக் காலிசெய்ய வைத்தார்கள். 2018-இல் அந்தப் பகுதியையே 'சீர்கெட்ட பகுதி' என்று ஊர் நிர்வாகம் அறிவித்தது. ஆனால் சொன்ன தொழிற்சாலை சொன்ன அளவில் வரவில்லை. 2021 ஏப்ரலில் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள்: முதலீடு 67.2 கோடி டாலர், வேலைகள் 1,454, மாநிலச் சலுகை அதிகபட்சம் 8 கோடி.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று விஷயம். மாநிலத்தின் சலுகை, வேலையும் முதலீடும் வந்த பிறகு தரும் வகை. வரவில்லை, ஆகவே பெரும்பாலும் கொடுக்கவில்லை. மாநிலக் கஜானா தப்பித்தது. ஊரும் கவுண்டியுமோ நிலத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சாலைக்கும் முன்கூட்டியே கடன் வாங்கிச் செலவழித்துவிட்டன. அந்தக் கடனை யார் அடைப்பது? ஊரைக் காப்பாற்றியது உள்ளூர் ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு நிபந்தனை: கட்டினாலும் கட்டாவிட்டாலும் 2023-இல் தொடங்கி அந்தச் சொத்தின் மதிப்பு 140 கோடி டாலர் என்றே வைத்து ஃபாக்ஸ்கான் வரி கட்ட வேண்டும். யாரோ ஒருவர் பேச்சுவார்த்தை மேசையில் பிடிவாதமாக உட்கார்ந்து அந்த நிபந்தனையைச் சேர்த்திருக்கிறார். அது இல்லாமல் போயிருந்தால் பாரம் முழுக்க ஊர்க்காரர்கள் மேல் விழுந்திருக்கும். 2023-இல் மைக்ரோசாஃப்ட் அங்கே இடம் வாங்கித் தரவு மையம் கட்டத் தொடங்கியதால் ஊருக்கு வேறு வழி பிறந்தது என்பது உண்மைதான். ஆனால் எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் வந்து சேர்வார் என்று நம்பிக் கையெழுத்துப் போட முடியாது.

ஆகவே உங்கள் ஊர் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும், பணம் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று பாருங்கள். வரி கட்டிய பிறகு அதில் பங்கைத் திருப்பித் தருவது பாதுகாப்பானது. முன்பணமாக மானியம் தருவதும், நிறுவனத்துக்காக ஊர் கடன் வாங்கிச் சாலை போடுவதும் ஆபத்தானவை. குறைந்தபட்ச மதிப்புக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்புறம் 'வேலை' என்பதற்கு என்ன வரையறை என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர்களின் ஆட்களையும் சேர்த்து எண்ணலாமா? பக்கத்து ஊர்க் கிளையிலிருந்து மாற்றி அழைத்து வந்தவர்கள் புதிய வேலையா? சம்பளம் சராசரி என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். நாலு மேலதிகாரிகளின் சம்பளம் சராசரியை மேலே தூக்கிவிடும். எத்தனை வருடம் அந்த வேலைகள் நீடிக்க வேண்டும் என்பதும் முக்கியம். 2020-இல் டெஸ்லாவுடன் டிராவிஸ் கவுண்டி செய்த ஒப்பந்தத்தில் குறைந்தது 110 கோடி டாலர் முதலீடும் 5,000 வேலையும் கேட்டதோடு, வேலைகளில் பாதியாவது அந்தக் கவுண்டியில் வசிப்பவர்களுக்குப் போக வேண்டும் என்றும் எழுதினார்கள். கேட்டால் இப்படி நிபந்தனை போட முடியும்.

கடைசியாக, நிறுவனம் தவறினால் என்ன ஆகும் என்ற பிரிவு. 'திருப்பித் தரும்படி நகரம் கேட்கலாம்' என்று இருப்பதற்கும் 'திருப்பித் தர வேண்டும்' என்று இருப்பதற்கும் வித்தியாசம் மலையளவு. பாஸ்டனுக்கு 2016-இல் தலைமையகத்தை மாற்றிய ஜெனரல் எலெக்ட்ரிக், 2019-இல் திட்டத்தைச் சுருக்கியபோது மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு 8.7 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அரசு கேட்டால் பெரிய நிறுவனமும் திருப்பித் தரும் என்பதற்கு இது சாட்சி.

படி 5: கணக்குப் போடுங்கள்

ஒரு உதாரணம். புதிய கிடங்கின் மதிப்பு 10 கோடி டாலர், நகர வரி 100 டாலருக்கு 40 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் வரி. பாதித் தள்ளுபடி, பத்து ஆண்டு என்றால் விட்டுக்கொடுப்பது 20 லட்சம். வேலைகள் நூறு என்றால் ஒரு வேலைக்கு 20,000 டாலர். மவுண்ட் பிளசன்ட்டில் முதலில் பேசிய கணக்கில், மாநிலச் சலுகையை மட்டும் பார்த்தால்கூட ஒரு வேலைக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல்.

உங்கள் கணக்கில் நகரம், கவுண்டி, பள்ளி, மாநிலம் நான்கையும் கூட்டுங்கள். ஒவ்வொரு அமைப்பும் தன் பங்கை மட்டும் சொல்லும். கூட்டுத்தொகையை யாரும் மேடையில் வைத்துச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, இயந்திரங்களின் மதிப்பு வருடா வருடம் வேகமாகக் குறையும். தரவு மையத்தில் உள்ள சர்வர்களை எடுத்துக்கொண்டால், மதிப்பு அதிகமாக இருக்கும் முதல் சில வருடங்களில் தள்ளுபடி. தள்ளுபடி முடியும்போது வரி போட அங்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. 'பத்து வருடத்துக்குப் பிறகு முழு வரி வரும்' என்று யாராவது சொன்னால் எந்த மதிப்பின் மேல் என்று கேளுங்கள். புதிய குடும்பங்கள் வந்தால் வேண்டியிருக்கும் வகுப்பறை, சாலை, தண்ணீர் இவற்றுக்கான செலவையும் எதிர்ப்பக்கம் எழுதுங்கள். நகரம் தரும் மதிப்பீட்டில் இந்தப் பக்கம் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும்.

'சலுகை தராவிட்டால் வந்திருக்கவே மாட்டார்கள்' என்பது எல்லாக் கூட்டத்திலும் கேட்கும் வாதம். இந்தத் துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்த பொருளியலாளர் டிமதி பார்ட்டிக், சலுகை பெற்ற நிறுவனங்களில் 2 முதல் 25 சதவீதம்தான் சலுகை இல்லாமல் அந்த இடத்துக்கு வராமல் போயிருக்கும் என்று 2018-இல் மதிப்பிட்டார். மீதி நிறுவனங்கள் ஆட்கள், நிலம், மின்சாரம், விமான நிலையம் இவற்றுக்காக எப்படியும் வந்திருக்கும். ஆகவே அந்த வாதத்தைச் சொல்பவரிடம் ஆதாரம் கேளுங்கள்: எந்த ஊருடன் போட்டி, அங்கே என்ன தருவதாகச் சொன்னார்கள், அந்தக் கடிதம் எங்கே?

படி 6: கூட்டத்தில் பேசுங்கள்

டெக்சஸில் 2019 முதல், அஜெண்டாவில் உள்ள எந்தப் பொருள் பற்றியும் கவுன்சில் அதை எடுத்துக்கொள்ளும் முன்போ எடுத்துக்கொள்ளும்போதோ பேச உங்களை அனுமதித்தே ஆக வேண்டும். பொதுவாக மூன்று நிமிடம். ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் அப்பாவோ அம்மாவோ தமிழில் பேச, நீங்கள் மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்கு இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

மூன்று நிமிடத்தில் ஒரு விஷயம்தான் சொல்ல முடியும். 'கார்ப்பரேட்டுகளுக்குத் தாரைவார்க்கிறீர்கள்' என்று ஆரம்பித்தால் உறுப்பினர்கள் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். இப்படிப் பேசிப் பாருங்கள்: "ஒப்பந்தத்தின் 14-ஆம் பக்கத்தில் வேலைகள் மூன்று ஆண்டு நீடித்தால் போதும் என்று இருக்கிறது. தள்ளுபடியோ பத்து ஆண்டு. மீதி ஏழு ஆண்டுக்கு நாம் எதற்காகத் தருகிறோம்? இரண்டையும் சமமாக்கும் வரை வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." பக்க எண் சொல்லி, ஒரு திருத்தம் கேட்டு, உட்கார்ந்துவிடுங்கள். அது பதிவாகும்; பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும்.

அதைவிட முக்கியம் கூட்டத்துக்கு முந்தைய வாரம். உங்கள் பகுதி உறுப்பினருக்கு மின்னஞ்சல் போட்டுப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். சின்ன ஊர்களில் பெரும்பாலும் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால் இன்னும் நல்லது, அதிலும் தமிழர்கள் மட்டும் என்று இல்லாமல் அந்தத் தெருவில் பல காலமாக இருப்பவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டு உள்ளவர்கள் மே மாத உள்ளூர்த் தேர்தலை விட்டுவிடாதீர்கள். அதிபர் தேர்தலுக்கு வரும் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான் அன்றைக்கு வாக்களிக்க வரும், ஆகவே ஒரு தெருவின் ஓட்டுகளுக்குக்கூட அன்று எடை உண்டு.

படி 7: கையெழுத்தான பிறகும் விடாதீர்கள்

ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது, சரி. உண்மையான வேலை இனிமேல்தான், ஏனென்றால் வேலைகள் வந்தனவா என்று எண்ணிப் பார்க்க ஊரில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நிறுவனமே சான்றிதழ் எழுதிக்கொடுத்து நகரம் அதை அப்படியே கோப்பில் வைத்துவிடும் நிலை இருந்தால், சம்பளப் பதிவேட்டைச் சரிபார்க்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா, அதை யாராவது பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள்.

ஒவ்வொரு நகரமும் கவுண்டியும் பள்ளி மாவட்டமும் வெளியிடும் வருடாந்தர நிதி அறிக்கையின் குறிப்புகள் பகுதியில் வரித் தள்ளுபடி பற்றி ஒரு குறிப்பு இருக்கும். அரசுக் கணக்கியல் தர வாரியத்தின் 77-ஆம் விதி அதைக் கேட்கிறது. மற்ற அமைப்புகள் கொடுத்த தள்ளுபடியால் உங்கள் பள்ளி மாவட்டம் இழந்த தொகைகூட அதில் வர வேண்டும். பி.டி.எஃப்-ஐத் திறந்து 'அபேட்மென்ட்' (abatement) என்று ஆங்கிலத்தில் தேடினால் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். நீங்கள் படி 5-இல் போட்ட கணக்கோடு அதை ஒப்பிடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, நிறுவனம் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டிய தேதி முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு தகவல் மனு போடுங்கள்: அந்த ஆண்டின் அறிக்கை, நகரம் அதைச் சரிபார்த்த ஆவணம், கொடுத்த தொகை, நிபந்தனை மீறல் பற்றி அனுப்பிய கடிதம் இருந்தால் அதன் நகல். நிறுவனம் வாக்குறுதி தந்த வேலைகளின் எண்ணிக்கையையும் உண்மையில் வந்த எண்ணிக்கையையும் ஒரே பக்கத்தில் அருகருகே எழுதி எல்லாக் கவுன்சில் உறுப்பினர்களுக்கும் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கும் அனுப்புங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால், அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் அந்த ஒப்பந்தத்தைச் சேர்க்கும்படி உங்கள் பகுதி உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.